கணினியில் ஏஐ உதவியாளர் மக்கர் செய்கிறதா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

"ஏஐ வேலை செய்யவில்லை" என்று யாராவது என்னைக் கூப்பிடும்போது, பெரும்பாலும் அதற்குள் அவர்களே செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருப்பார்கள். பிரச்சினை அப்படியே இருக்கும், கூடவே லாகினும் செட்டிங்ஸும் போயிருக்கும். செயலியே கெட்டுப்போய் நான் பார்த்தது அபூர்வம். நெட், கணக்கு, அனுமதி, நினைவகம் ஆகிய நான்கில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். அதனால் மறுபடி நிறுவுவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, அங்கே சொன்ன வரிசையிலேயே பாருங்கள். காசு செலவில்லாதவை முன்னால் வரும், செலவு வைப்பவை பின்னால் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

அதே உதவியாளரை அதே கணினியில் பிரவுசரில் திறந்து ஒரு கேள்வி கேளுங்கள். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி, கோபைலட் எல்லாவற்றுக்கும் பிரவுசர் வடிவம் இருக்கிறது.

பிரவுசரில் ஓடுகிறது, செயலியில் ஓடவில்லை என்றால் கோளாறு உங்கள் கணினியில் இருக்கும் செயலியிலோ அதற்குக் கொடுத்த அனுமதியிலோதான். பிரவுசரிலும் ஓடவில்லை என்றால் போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் பாருங்கள். அங்கே ஓடினால் கோளாறு வைஃபை, ஃபயர்வால், விபிஎன் பக்கம். அங்கேயும் ஓடவில்லை என்றால் சேவையே படுத்திருக்கிறது அல்லது உங்கள் கணக்கில் சிக்கல். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் ஆரம்பித்தவர்கள்தான் பாதி நாளைத் தொலைக்கிறார்கள்.

செயலி நிறுவ மறுக்கிறது, அல்லது திறந்த உடனே மூடிக்கொள்கிறது

முதலில் சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு எம்பி மட்டும் மிச்சமிருக்கும் கணினியில் எந்தச் செயலியும் ஒழுங்காக ஓடாது. அப்புறம் இயங்குதளத்தின் பதிப்பு. மேக்குக்கான சாட்ஜிபிடி செயலிக்கு எம்1 அல்லது அதற்குப் பிந்தைய ஆப்பிள் சிப்பும் மேக்ஓஎஸ் 14உம் வேண்டும். இன்டெல் சிப் உள்ள மேக்கில் எத்தனை முறை முயன்றாலும் அது ஏறாது, பிரவுசரில் பயன்படுத்துவதுதான் வழி. விண்டோஸில் நிலுவையில் உள்ள அப்டேட்டுகளை முடித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு முயலுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது போதாது, 'ரீஸ்டார்ட்' என்பதையே அழுத்துங்கள்.

விளம்பரத்தில் பார்த்த ஏதோ ஒரு ஏஐ வசதி உங்கள் விண்டோஸில் காணவே இல்லையா? அதில் சில வசதிகள் கோபைலட் பிளஸ் பிசி என்ற வகைக் கணினிக்கு மட்டுமே உரியவை. அதற்கு 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள என்பியு என்ற ஏஐ வேலைக்கான சிப்பும் 16 ஜிபி ராமும் வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்தால் சிபியு, மெமரி வரிசையில் என்பியு என்று ஒன்று தெரிய வேண்டும். அது இல்லை என்றால் தேடுவதை நிறுத்திவிடலாம். எந்த அப்டேட்டாலும் அது வராது.

அலுவலகக் கணினியில் "அட்மின் தடுத்திருக்கிறார்" என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாமல் ஐடி துறையிடம் கேளுங்கள். அலுவலகத் தகவல்களை வெளிச் சேவைக்கு அனுப்பலாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

திறக்கிறது, ஆனால் லாகின் ஆகவில்லை

கடவுச்சொல்லைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். தேதியோ நேரமோ தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பே உருவாகாது. திரையில் வரும் பிழைச் செய்தியோ கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போகலாம். தேதியைத் திருத்திய பிறகும், கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் பழைய ஆண்டுக்கே போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032 வகை. விலை குறைவு, மாற்றுவதும் எளிது.

கடிகாரம் சரி என்றால், லாகின் பக்கம் பிரவுசரில் திறந்து, முடிந்ததும் "இந்தச் செயலியைத் திறக்கவா?" என்று ஒரு சின்னப் பெட்டி கேட்டதா என்று கவனியுங்கள். பலர் அதை விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். பாப்அப் தடுக்கும் பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருந்தால் அந்தப் பெட்டி வராமலே போகலாம். நீட்சியை அணைத்துவிட்டு மறுபடி லாகின் செய்யுங்கள்.

லாகின் ஆகிவிட்டது, ஆனால் காசு கட்டிய திட்டம் தெரியவில்லை என்றால் அது கிட்டத்தட்ட எப்போதும் இரண்டு கணக்குக் குழப்பம்தான். பணம் கட்டியது ஒரு மின்னஞ்சலில், உள்ளே போயிருப்பது இன்னொன்றில். ரசீது எந்த மின்னஞ்சலுக்கு வந்தது என்று தேடிப் பாருங்கள். ஆப்பிள் கணக்கு வழியாக மின்னஞ்சலை மறைத்துச் சேர்ந்திருந்தால், அது தனிக் கணக்காக நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரசீது வந்த மின்னஞ்சலிலேயே நுழைந்தும் திட்டம் தெரியவில்லை என்றால் மட்டும் சேவை நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கு முன் இன்னொரு முறை பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது பிழை எண் வருகிறது

எண் வந்தால் அதுவே வழி காட்டும். 401 என்றால் ஏபிஐ சாவி (வேறொரு செயலி ஏஐ சேவையோடு நேரடியாகப் பேசுவதற்கான ரகசிய எழுத்துத் தொடர்) அல்லது லாகின் தவறு. 429 என்றால் குறிப்பிட்ட நேரத்துக்குள் உங்களுக்கு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டீர்கள் அல்லது கணக்கில் பணம் தீர்ந்துவிட்டது. 500, அதற்கு மேல் என்றால் கோளாறு அவர்கள் பக்கம், கொஞ்ச நேரம் காத்திருங்கள். பெரிய சேவைகள் எல்லாவற்றுக்கும் தற்போதைய நிலையைக் காட்டும் தனிப் பக்கம் உண்டு, அதில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஏபிஐ சாவியை வேறொரு செயலியில் போட்டுப் பயன்படுத்துபவர்கள் அடிக்கடி கேட்பது: "மாதச் சந்தா கட்டுகிறேனே, ஏன் 429?" சாட்ஜிபிடி, கிளாட் இரண்டிலும் மாதச் சந்தா வேறு, ஏபிஐ கட்டணம் வேறு. சந்தா கட்டியதால் ஏபிஐக்கு இருப்பு ஏறாது, தனியாகப் போட வேண்டும். சாவியை ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் 401 வரும்.

எண் எதுவும் இல்லாமல் பதில் பாதியில் நிற்கிறது அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் விபிஎன்னை அணையுங்கள். அடுத்து ஆன்டிவைரஸில் இணையப் போக்குவரத்தை அலசும் வசதியை மட்டும் சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள். முழு ஆன்டிவைரஸையும் அணைக்கத் தேவையில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் சரியாகிறது என்றால் கணினியைத் தொடாதீர்கள், கோளாறு ரவுட்டரிலோ அலுவலக நெட்வொர்க்கிலோ இருக்கிறது. வீடென்றால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அலுவலகம் என்றால் அது நெட்வொர்க் அட்மின் வேலை.

ஷார்ட்கட் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

வேறொரு செயலி அந்த விசைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆல்ட் + ஸ்பேஸை விண்டோஸே ஜன்னல் மெனுவுக்கு வைத்திருக்கிறது, மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் ரன் என்ற தேடல் கருவியும் அதையே கேட்கும், சாட்ஜிபிடியின் விண்டோஸ் செயலியும் அதையே கேட்கும். உதவியாளரின் செட்டிங்ஸில் வேறு விசையை அமைத்துக்கொள்ளுங்கள். செயலி பின்னணியில் ஓடினால்தான் ஷார்ட்கட் வேலை செய்யும் என்பதால், கணினி தொடங்கும்போதே அதுவும் தொடங்கும்படி வையுங்கள்.

பேசினால் கேட்கவில்லை

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் என்று போய், இன்புட் பகுதியைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள். நீலப் பட்டை அசைய வேண்டும். அசையவில்லை என்றால் தவறான மைக் தேர்வாகியிருக்கிறது: வெப்கேமரா, ஹெட்செட், திரை என்று ஒரே கணினியில் மூன்று மைக் இருக்கும். பட்டை அசைந்தும் உதவியாளருக்குக் கேட்கவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை. விண்டோஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் என்று போய்க் கடைசி வரை இறங்குங்கள். டெஸ்க்டாப் செயலிகளுக்கான சுவிட்ச் தனியாக அடியில் இருக்கும். மேல் சுவிட்சை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேக்கிலும் இதே பெயருள்ள பக்கத்தில் அனுமதி கொடுத்து, செயலியை மூடித் திறக்க வேண்டும். திரையைப் பார்க்கும் வசதிக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி தனி.

ஃபைலைக் கொடுத்தால் சம்பந்தமே இல்லாமல் பதில் சொல்கிறது

தமிழ் ஆவணங்களில் இது அடிக்கடி வரும். பலரும் ஏஐக்குத் தமிழ் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முடிவு கட்டும் முன் இதைச் செய்யுங்கள்: பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுக்க முயலுங்கள்.

*தேர்ந்தெடுக்கவே முடியவில்லை.* அப்படியானால் அது ஸ்கேன் செய்த படம், உள்ளே எழுத்து இல்லை. படத்தைப் படிக்கும் திறனுள்ள உதவியாளர் என்றால் பக்கத்தைப் படமாகவே கொடுங்கள், ஒரே சமயத்தில் சில பக்கங்கள் போதும். இல்லாவிட்டால் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் ஓசிஆர் மென்பொருள்) வழியாக முதலில் உரையாக்குங்கள். எப்படிச் செய்தாலும் எண்களையும் பெயர்களையும் மூலத்தோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதில்தான் பிசகு வரும்.

*தேர்ந்தெடுக்க முடிகிறது.* அந்த வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் ஃபைலில் பழுதில்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கன்னாபின்னாவென்று வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் அடித்த ஆவணம். உங்கள் கண்ணுக்குத் தமிழ், ஏஐக்குப் போவதோ அந்தக் கன்னாபின்னா. யூனிகோட் (இன்று எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் எழுத்து முறை) மாற்றி ஒன்றில் போட்டு மாற்றிய பிறகு கொடுங்கள். தாப், தாம், டிஸ்கி என்று வேறு முறைகளும் இருப்பதால், ஒரு மாற்றியில் சரியாக வராவிட்டால் மூல முறையை மாற்றிப் பாருங்கள்.

*நோட்பேடில் தமிழ்தான், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றன.* பிடிஎஃப் உருவான விதத்தில் கோளாறு. இதை உரையாகத் திருத்திக்கொண்டிருப்பதைவிடப் பக்கத்தைப் படமாக எடுத்துக் கொடுப்பது எளிது. வேர்ட் ஃபைல் யாரிடமாவது கிடைக்கும் என்றால் அதை வாங்குவது இன்னும் எளிது.

நூற்றுக்கணக்கான பக்கங்கள், பத்திரங்கள், பழைய பதிவேடுகள் என்றால் எண்மமாக்கும் வேலையைத் தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

பதில் வருகிறது, ஆனால் தவறாக அல்லது விநோதமாக

புதிய உரையாடலைத் தொடங்கி அதே கேள்வியைக் கேளுங்கள். சரியாக வந்தால் பழைய உரையாடல் நீண்டு, ஆரம்பத்தில் சொன்னது அதன் நினைவுக்கு வெளியே போயிருக்கிறது. முக்கிய விவரங்களை மட்டும் ஒரு பத்தியாக எழுதிப் புதிய உரையாடலில் ஒட்டித் தொடருங்கள். தமிழ் எழுத்து அதே பொருளுள்ள ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களை (ஏஐ உரையை வெட்டிப் படிக்கும் சின்னத் துண்டுகள்) எடுத்துக்கொள்வதால், தமிழில் பேசுபவர்களுக்கு இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

புதிய உரையாடலிலும் அப்படியே என்றால் செட்டிங்ஸில் நிரந்தர அறிவுறுத்தல்களையும் நினைவுப் பகுதியையும் திறந்து படியுங்கள். என்றோ எழுதி வைத்த "எப்போதும் ஒரே வரியில் பதில் சொல்" அங்கே உட்கார்ந்திருக்கும். அண்மைச் செய்தி பற்றிய கேள்வி என்றால் இணையத் தேடல் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பதில் பழையதாகவே இருக்கும்.

மருந்து அளவு, வழக்கு, வரி போன்ற விஷயங்களில் பதில் சந்தேகமாக இருக்கிறது என்றால் செட்டிங்ஸில் திருத்த ஒன்றும் இல்லை. டாக்டரிடமோ வக்கீலிடமோ கணக்கரிடமோ கேளுங்கள்.

சொந்தக் கணினியில் ஓட்டும் மாடல் ஆமை வேகத்தில் நகர்கிறது

ஒல்லாமா, எல்எம் ஸ்டுடியோ போன்ற செயலிகளில் ஏஐ மாடலையே கணினிக்கு இறக்கி நெட் இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு இது.

*முதல் பதில் மட்டும் தாமதம், அப்புறம் வேகம்.* இது பழுதே இல்லை. மாடல் டிஸ்கிலிருந்து நினைவகத்துக்கு ஏறும் நேரம். ஒல்லாமா வழக்கமாக 5 நிமிடம் சும்மா இருந்தால் மாடலை இறக்கிவிடும், அந்த நேரத்தை நீட்டி வைக்கலாம். மாடல் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

*எல்லாப் பதிலும் தாமதம்.* மாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து, ஆங்கிலத்தில் 'ஒல்லாமா பிஎஸ்' என்று இடைவெளி விட்டு அடியுங்கள். வரும் வரிசையில் 'பிராசஸர்' என்ற தலைப்பின் கீழே பாருங்கள். 100 சதவீதம் ஜிபியு என்று இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டில் முழுதாக ஏறிவிட்டது. சிபியு இத்தனை, ஜிபியு இத்தனை என்று பிரிந்து காட்டினால் கார்டின் நினைவகம் போதாமல் மிச்சம் சாதாரண ராமில் வழிந்திருக்கிறது. வேகம் விழுவது அங்கேதான்.

அதற்குச் செலவில்லாத மருந்து, சின்ன மாடல். 4 பிட்டுக்குச் சுருக்கிய 8பி மாடல் (பி என்பது பில்லியன், மாடலின் அளவைச் சொல்லும்) ஏறக்குறைய 5 ஜிபி பிடிக்கும், 70பி மாடல் 40 ஜிபி பக்கம் போகும். 8 ஜிபி ராம் உள்ள கணினியில் 7பி, 8பி என்பதே உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் திணறினால் 4பி, 3பி என்று இறங்குங்கள். கான்டெக்ஸ்ட் அளவை (மாடல் ஒரே சமயத்தில் நினைவில் வைக்கும் உரையின் நீளம்) அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருந்தால் குறையுங்கள், அதுவும் நினைவகத்தைத் தின்னும். பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களை மூடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகுங்கள்.

கார்டு இருந்தும் 100 சதவீதம் சிபியு என்று காட்டுகிறதா? கார்டின் டிரைவரை அதன் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பாருங்கள்.

இதற்கெல்லாம் மேல்தான் செலவு. கார்டு இல்லாத கணினியில் ஒரே ஒரு ராம் குச்சி இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைச் சேனலாக்குவது நல்ல பலன் தரும். கார்டே வாங்குவதென்றால் பெயரையோ விளம்பரத்தையோ பார்க்காதீர்கள், விரேம் (கார்டின் சொந்த நினைவகம்) எத்தனை ஜிபி என்று பாருங்கள். வாங்கும் முன்பு உங்கள் பவர் சப்ளையின் வாட்டும், அதற்குரிய மின் இணைப்பிகளும், பெட்டிக்குள் இடமும் போதுமா என்று கணினி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள்.

*வேகம் சரி, தமிழ்தான் மோசம்.* சின்ன மாடல்களில் பல தமிழில் தடுமாறும். பல மொழிகளுக்கென்று பயிற்சி பெற்ற மாடலை எடுங்கள். 2025 மார்ச்சில் கூகுள் வெளியிட்ட ஜெம்மா 3 அப்படி ஒன்று, 4பி, 12பி, 27பி என்ற அளவுகளில் கிடைக்கிறது. டெர்மினலில் மட்டும் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன என்றால் மாடலைக் குறை சொல்ல வேண்டாம். அதே பதிலை நோட்பேடில் ஒட்டினால் சரியாக இருக்கும்.

மாடல் ஓடும்போது கணினி அணைகிறது அல்லது நீலத் திரை வருகிறது

சாதாரண வேலைக்கு ஓடும் கணினி, மாடல் ஓட்டும்போது மட்டும் விழுகிறது என்றால் சுமை தாங்கவில்லை என்று அர்த்தம். மின்விசிறிகளிலும் வடிகட்டிகளிலும் தூசு அடைத்திருக்கிறதா பாருங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊதிச் சுத்தம் செய்யுங்கள். நீலத் திரை என்றால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள், அது ராம் பழுதைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டும் சுத்தம், ஆனாலும் பட்டென்று அணைகிறது என்றால் பவர் சப்ளை மேல்தான் சந்தேகம். இதற்கு மேல் நீங்கள் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து. அதைத் திறக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். "மாடல் ஓட்டும்போது மட்டும் அணைகிறது" என்று அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கடையில் ஆன் செய்து பார்த்தால் நன்றாகத்தான் ஓடும்.

கிளாட் டெஸ்க்டாப்பில் எம்சிபி கருவி தெரியவில்லை

கணினிக் கோப்புகளையோ வேறு செயலிகளையோ உதவியாளரோடு இணைக்கும் எம்சிபி என்ற முறையை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்டது. எந்தக் கருவிகளை இணைப்பது என்று எழுதி வைக்கும் கட்டமைப்பு ஃபைலைக் கையால் திருத்துபவர்களுக்கு வரும் கோளாறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

செயலியை மூடும் எக்ஸ் குறியை அழுத்தினால் அது பின்னணியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள சின்னத்தில் வலது கிளிக் செய்து 'குவிட்' கொடுத்து, பிறகு திறங்கள். முதலில் இதைச் செய்து பாருங்கள், பல நேரம் இதுவே போதும்.

தெரியவில்லையா, கட்டமைப்பு ஃபைலைத் திறங்கள். கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி இருக்கிறதா? நீக்குங்கள். வேறெங்கிருந்தோ காப்பி செய்ததால் மேற்கோள் குறிகள் வளைந்திருக்கின்றனவா? நேர்க் குறிகளாக மாற்றுங்கள். விண்டோஸ் பாதையில் பின்சாய்வுக் கோடு ஒன்று மட்டும் இருக்கிறதா? ஒவ்வொன்றையும் இரண்டாக்குங்கள். நோட்பேடில் சேமித்ததால் ஃபைல் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு 'டிஎக்ஸ்டி' ஒட்டியிருக்கிறதா? எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் நீட்சிகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஃபைல் சுத்தமாக இருந்தும் கருவி வரவில்லை என்றால் அதை ஓட்டத் தேவையான நோட்.ஜேஎஸ் அல்லது பைத்தான் மென்பொருள் நிறுவப்படவில்லை என்று சந்தேகியுங்கள். லாக் ஃபோல்டரில் உள்ள எம்சிபி பதிவின் கடைசிச் சில வரிகள் காரணத்தைச் சொல்லிவிடும்.

கோப்புக் கருவிக்கு முழு டிரைவையும் திறந்துவிடாதீர்கள், வேலைக்கு வேண்டிய ஒரு ஃபோல்டர் போதும். யார் எழுதியது என்று தெரியாத கருவியை அலுவலகக் கணினியில் ஏற்றும் முன் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

செயலியை நிறுவிய பிறகு கணினி விசித்திரமாக நடந்துகொள்கிறது

தேடலில் மேலே வந்த விளம்பரத்தை அழுத்தி இறக்கினீர்களா? நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னதா? பிரவுசர் முகப்பு தானாக மாறியதா? நீங்கள் அனுப்பாத செய்திகள் உங்கள் கணக்கிலிருந்து போகின்றனவா? இதில் ஒன்று ஆம் என்றாலும் அது போலிச் செயலி என்றே எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

கணினியை நெட்டிலிருந்து துண்டியுங்கள். அதே கணினியில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் அவர்களுக்கே போய்விடும். போனிலோ வேறு கணினியிலோ முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அடுத்து வங்கி, அப்புறம் மற்றவை. ஒவ்வொன்றிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். திருடியவன் பாஸ்வேர்டு இல்லாமலே திறந்த லாகினைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். ஏபிஐ சாவி வைத்திருந்தால் அதை ரத்து செய்து புதிதாக எடுங்கள். வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறந்திருந்தால் வங்கிக்கு அன்றே தகவல் சொல்லுங்கள்.

செயலியை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இங்கே மட்டும் விண்டோஸையே துடைத்துப் புதிதாக நிறுவுவதுதான் நம்பகமான வழி. ஆவணங்களைக் காப்பாற்றி எடுக்கத் தெரியாவிட்டால் கணினியை ஆன் செய்யாமல் அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, என்ன நடந்தது என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.